டம்ளர் அத்தை வீட்டு மதியம்

ஊரின் ஆரம்ப நாட்களைப் பற்றிப் புத்தகம் போடுவதென்று நூலகத்தில் நாலு பேர் கூடி முடிவெடுத்தார்கள். முடிவெடுத்த கையோடு அவர்கள் போய் நின்ற இடம் டம்ளர் அத்தை வீட்டு வாசல். வேறு எங்கே போவார்கள்? முதல் வரிசை வீடுகளில் குடியேறிய ஆட்களில் மூச்சோடு மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான். மற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அல்லது பிள்ளைகளோடு கிளம்பிவிட்டார்கள். அத்தை மட்டும் அசையவில்லை. வா வா என்று கூப்பிட்ட மகளிடம், "எனக்கு இங்க மதியத்துல வேலை இருக்கு" என்ற ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டாள்.

அது என்ன மதிய வேலை என்று ஊருக்குத் தெரியும், அதாவது தெரியும் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. உச்சிவேளையில் வாசலுக்கு வருவாள். ஒரு பித்தளை டம்ளரைக் கரண்டியால் தட்டுவாள். உள்ளே போய்க் கதவை ஒருக்களித்து வைத்துக்கொள்வாள். மறை கழன்ற கேஸ் என்று பெரியவர்கள் சொன்னார்கள். டம்ளர் அத்தை என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பெயர் வைத்தார்கள். பெயர் வைக்க மட்டும் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

புத்தகக்காரர்கள் வந்த நேரத்தில் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து, காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவளைக் கையோடு அழைத்துப் போய்விட மகளும் வந்திருந்தாள். நூலகத்து அம்மா கேள்வி கேட்க, கூட வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதிக்கொண்டார். தண்ணீர் லாரி எப்போது வரும், முதல் கடை யாருடையது, பள்ளிக்கூடத்துக்கு முதலில் கூரை இருந்ததா, எல்லாவற்றுக்கும் அத்தை மணிமணியாகப் பதில் சொன்னாள்.

"உங்க வீட்டுக்காரர்?" என்றாள் நூலகத்து அம்மா.

"சூளை மேல வேலை."

"எப்ப தவறினார்?"

உள்ளே பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்த மகள் அங்கிருந்தே சொன்னாள். "தவறல. ஓடிப்போயிட்டார். நான் வயித்துல இருக்கும்போது."

வாத்தியாரின் பேனா நின்றுவிட்டது. அத்தை மகள் இருந்த பக்கம் திரும்பாமலே, "ஓடல" என்றாள்.

"கம்பெனி அப்படித்தானே சொல்லுச்சு."

"கம்பெனி ஆயிரம் சொல்லும். எழுதிக்கோங்க வாத்தியாரே, ஓடல."

தாய்க்கும் மகளுக்கும் நடுவில் ஆயுசு முழுக்க இருந்த வழக்கு இந்த ஒன்றுதான். ஓடிப்போனவன் பெண் என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவள் அந்த மகள். அப்பனை அவள் மன்னிக்கவில்லை. ஓடவில்லை என்று சாதிக்கிற அம்மாவையும் மன்னிக்கவில்லை. அத்தைக்கோ, கண் மூடுவதற்குள் இந்த ஒரு விஷயத்தை மகள் நம்ப வேண்டும். வேறு ஆசை எதுவும் கிடையாது. ஒரு தடவை எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தாள். "காதுல பூ சுத்தாதம்மா" என்று மகள் எழுந்து போய்விட்டாள்.

அத்தை சொன்னது இதுதான்.

அந்த ஊர் ஆரம்பத்தில் ஊரே இல்லை. ஒரு வெள்ளைக் குன்று, அதன் அடியில் சுண்ணாம்புச் சூளைகள், எதிரில் வேலையாட்களுக்குக் கட்டிய வரிசை வீடுகள், அவ்வளவுதான். வீடுகள் என்றால் அச்சில் வார்த்த வீடுகள். ஒரே கதவு, ஒரே ஜன்னல், வாசலில் ஒரே மாதிரி ஒற்றைப் படி. மரம் மட்டை எதுவும் கிடையாது. காற்று எழுந்தால் குன்றிலிருந்தும் சூளையிலிருந்தும் வெள்ளைத் தூசி கிளம்பி வந்து, எதிர்வீடு தெரியாமல் மூடிவிடும். துணி காயப்போட்டால் துணி வெள்ளை, சோறு ஆறவைத்தால் சோறு வெள்ளை. புதுப்பெண்ணாக அங்கே போய் இறங்கியவள் முதல் வாரம் முழுக்க அழுதாள் என்றால் அதில் தப்பில்லை.

அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. சுட்ட சுண்ணாம்பு தண்ணீர் பட்டால் கொதிக்கும். அந்தத் தூசி முகத்தில் இருக்கும்போது தண்ணீரை வாரி அடித்தால் தோல் வெந்துபோகும். அதனால் ஆண்கள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, எண்ணெயில் நனைத்த துணியால் முகத்தைப் பதமாகத் துடைத்தெடுத்த பிறகுதான் குளிப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? கையை மட்டும் எண்ணெய்த் துணியில் துடைத்துக்கொண்டு, பூசின முகத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். வாயைத் திறந்தால் தூசி நாக்கில் எரியும், அதனால் பேச்சும் கிடையாது. உள்ளே வந்து உட்கார்ந்திருப்பது தன் புருஷன்தானா என்று ஒருத்தி சட்டென்று சொல்லிவிட முடியாது.

அப்படியானால் கண் எரிச்சலில் பாதி மூடி, தூசி மூட்டத்தில் தடவித் தடவி வருகிறவர்கள் தங்கள் வீட்டை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அதற்குப் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குக் கம்பெனிச் சங்கு ஊதியதும் ஒவ்வொருத்தியும் வாசலில் நின்று ஏதாவது ஒன்றைத் தட்டுவாள். ஒருத்தி தாம்பாளம், ஒருத்தி தகர டப்பா, ஒருத்தி ஜன்னல் கம்பி. ஆளுக்கொரு தாளம். ஆண்கள் கண்ணை மூடிக்கொண்டு காதால் வீடு வந்து சேர்வார்கள். இவளுடையது பித்தளை டம்ளர். இரண்டு தட்டு நிதானமாக, ஒரு தட்டு அவசரமாக.

"முதல் ரெண்டும் வாங்க வாங்கன்னு மரியாதையா கூப்பிடுது. மூணாவது, சோறு ஆறுது சீக்கிரம் வான்னு அதட்டுது" என்று சாயங்காலத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவர் கேலி செய்வார். எண்ணெய்த் துணியை அவள்தான் பிடிப்பாள். வெள்ளைக்குள்ளிருந்து முதலில் நெற்றி வரும், அப்புறம் மூக்கு, கடைசியில் சிரிப்பு. கல்யாணமான புதிதில் அவள் தினமும் காத்திருந்தது அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான்.

சூளை என்பது கிணற்றைத் தரைக்கு மேலே எழுப்பி நிறுத்தியது போல இருக்கும். மேலேயிருந்து கல்லும் கரியும் கொட்டுவார்கள், வெந்ததை அடியில் வாரி எடுப்பார்கள். சில நேரம் நடுவில் கல் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு இறங்காமல் நின்றுவிடும். மேலே பார்த்தால் தரை மாதிரி இருக்கும், கீழே வெறும் பொந்து. அதைக் கம்பியால் குத்தி இறக்குவது அவருடைய வேலை. காற்று கண்ணை மறைத்த ஒரு முற்பகலில் அவர் கம்பியோடு மேலே ஏறினார். இறங்கியதை யாரும் பார்க்கவில்லை.

அன்று மதியம் அவள் கை வலிக்கத் தட்டினாள். வரிசையில் மற்ற சத்தமெல்லாம் ஒவ்வொன்றாக அடங்கிய பிறகும் அவளுடையது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

சூளையை அணைத்துத் தேடுங்கள் என்று அவள் போய் நின்றபோது சூப்பர்வைசர் சிரித்தாரோ என்னவோ, சிரித்தது மாதிரிதான் அவளுக்கு இருந்தது. "எரியிற சூளைய அணைக்கிறதுன்னா என்னன்னு உனக்குத் தெரியுமாம்மா? உன் ஆளு ஓடிட்டான். இங்க தாக்குப்பிடிக்க முடியாம எத்தனை பேர் ஓடிருக்கான்." நாக்கு மேல் பல்லைப் போட்டு அப்படியே சொன்னார். சூளை அணையவில்லை. அதிலிருந்து இறங்கிய சுண்ணாம்பு எப்போதும் போல மூட்டையாகிப் போயிற்று. அந்த மூட்டைகளில் சில ஊருக்குள்ளேயே தங்கின. புதிதாகக் கட்டிய பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்தது அதில்தான். மகளைப் பள்ளியில் விடப் போன காலத்திலும் அத்தை அந்தச் சுவரில் சாய்ந்ததே இல்லை, கைகூட வைத்ததில்லை. பளிச்சென்று இருக்கிறதே என்று மற்றவர்கள் பாராட்டினால் பேச்சை மாற்றிவிடுவாள்.

அவள் தட்டுவதை நிறுத்தினாள். பக்கத்து வீட்டு ஃபிட்டரின் மனைவி, நல்ல மனுஷி, கண் கலங்கித்தான் கேட்டாள்: "யாருக்குடி தட்டுற? கேக்குற எங்களுக்குச் சோறு எறங்க மாட்டேங்குது." அதற்குப் பிறகு சங்கு ஊதினால் அவள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

கொஞ்ச நாளில் அது ஆரம்பித்தது. முதலில் ஃபிட்டர் வீட்டில். மதியம் ஃபிட்டர் வந்து உட்கார்ந்தார், முதுகு தெரிய உட்கார்ந்து சாப்பிட்டார், எழுந்து போனார். தட்டை எடுக்கக் குனிந்தால் வாசலில் இன்னொரு ஃபிட்டர் நின்று, "சோறு போடு" என்று ஜாடை காட்டுகிறார். அந்த அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தட்டில் வைத்த சோறு வைத்தபடியே இருந்தது, மேலே மட்டும் மாவு சலித்த மாதிரி வெள்ளை. பக்கத்தில் வைத்த தண்ணீர் சளசளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பிலிருந்து எட்டி, வெறும் தரையில்.

அடுத்து லாரிக்காரர் வீட்டில், அடுத்து கடைசி வீட்டுப் புதுக் குடித்தனத்தில். தண்ணீர்த் தொட்டியடியில் பெண்கள் குசுகுசுத்தார்கள், இவள் குடத்தோடு வந்தால் வாயை மூடிக்கொண்டார்கள். ஒருநாள் ஃபிட்டர் மனைவியைப் பிடித்து வைத்துக் கேட்டேவிட்டாள்.

"சொல்லுக்கா. அவர்தானா?"

"மூஞ்சி யாரு பார்த்தா? பார்க்கத் தைரியம் வரலடி."

அவளுக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஊரெல்லாம் வீடு வீடாகப் போய் உட்காருகிறாரே, கட்டியவள் வீட்டுக்கு வர வழி தெரியவில்லையா? அன்றைக்கு அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஃபிட்டர் மனைவி அவள் தலையைத் தடவிக்கொண்டே, யோசித்து யோசித்து ஒன்றைச் சொன்னாள். "ஒண்ணு மட்டும் கவனிச்சேன். உட்கார்ந்திருந்தவர் சாப்பிடுற ஆள் மாதிரியே இல்ல. தலைய சாய்ச்சு எதையோ கேட்டுட்டே இருந்தார். காது குடுத்துக் காத்திருந்த மாதிரி."

அவளுக்கு விளங்கிவிட்டது. தாளம் நின்ற வீட்டுக்கு அவர் எப்படி வருவார்? தேடித் தேடித்தான் கண்ட கதவில் எல்லாம் நுழைந்துகொண்டிருக்கிறார்.

மறுநாள் சங்கு ஊதியதும் வாசலுக்கு வந்து தட்டினாள். இரண்டு நிதானம், ஒன்று அவசரம். வரிசையில் ஒவ்வொரு கதவாகச் சாத்துகிற சத்தம் கேட்டது. டம்ளரில் தண்ணீர் நிரப்பித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சோற்றுப் பானையைத் திறக்க அடுப்புப் பக்கம் திரும்பினாள். திரும்பிப் பார்த்தபோது முக்காலியில் முதுகு தெரிந்தது. வெள்ளைக் கழுத்து, வெள்ளைக் காது மடல். வாசலிலிருந்து முக்காலி வரை வெள்ளை அடிகள். அவர் தலையைச் சாய்க்கவில்லை, எதையும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்த ஆள் எப்படி உட்காருவாரோ அப்படித் தோளைத் தளர்த்தி உட்கார்ந்திருந்தார். டம்ளரில் தண்ணீர் கொதித்தது. ஓடிப்போனவன் கை பட்டுத் தண்ணீர் கொதிக்குமா? சூளை எடுத்துக்கொண்டவரின் கை பட்டால்தான் கொதிக்கும். அவளுக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

எண்ணெய்க் கிண்ணத்தையும் துணியையும் எடுத்துத் தயாராக வைத்திருந்தாள். முகத்தைத் துடைத்துவிட வேண்டும் என்றுதான் கிட்டப் போனாள். கை வரவில்லை. துடைத்தால் முதலில் நெற்றி வர வேண்டும், அப்புறம் மூக்கு. வராவிட்டால்? வெள்ளைக்குக் கீழேயும் வெள்ளையே வந்துகொண்டிருந்தால்? அவர் எழுந்து போகும்வரை துணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அதற்குப் பிறகு எத்தனையோ மதியங்கள், அந்தக் கிண்ணம் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது, அவள் ஒருநாளும் துணியை நனைக்கவில்லை.

வீட்டைக் காலி செய் என்று கம்பெனி நெருக்கியபோது வரிசைப் பெண்கள் எல்லாரும் திரண்டு போய் நின்றார்கள். இரக்கமும் உண்டுதான், ஆனால் இவள் தட்டுவதை நிறுத்திவிட்டால் அவரவர் வீட்டுக்கு யார் வருவார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். கம்பெனி இறங்கி வந்து, சாக்கு தைக்கிற வேலையையும் கொடுத்தது. பெண் பிறந்தது. மதியத்தில் குழந்தையை ஃபிட்டர் வீட்டில் விட்டுவிடுவாள். மகள் வளர்ந்து ஏன் என்று கேட்டாள், பதில் பிடிக்கவில்லை, வாசலில் நின்று தட்டுகிற அம்மாவுக்காக வெட்கப்பட்டாள், கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். சூளைகள் அணைந்தன, சங்கு நின்றது, வரிசை வீடுகளை இடித்து ஆளுக்கொரு நிறத்தில் கட்டினார்கள். அத்தை சூரியனைப் பார்த்துத் தட்டினாள்.

புத்தகக்காரர்கள் போனதும், "சாமான் எல்லாம் கட்டியாச்சு, நாளைக்குக் காலையில கிளம்பணும்" என்று மகள் கண்டிப்பாகச் சொன்னாள். அன்று மதியம் அவளைக் கடைக்கு அனுப்பிவிட்டு, அத்தை முக்காலியில் இருந்த முதுகைப் பார்த்து முதன்முறையாகப் பேசினாள். "நாளைக்கு நான் இங்க இருக்கமாட்டேங்க. காலு போச்சு. நம்ம பொண்ணு வீட்டுக்குப் போறேன், ரொம்ப தூரம், மாடி வீடு. அங்க இருந்து தட்டுறேன். கேட்டா வாங்க." அவர் ஒரு வினாடி அசையாமல் இருந்துவிட்டு எழுந்து போனார்.

மகள் வீடு மூன்றாவது மாடி. வழவழவென்ற தரை, சாப்பாட்டு மேஜை, நாலு நாற்காலி. முதல் நாளே உச்சிவேளையில் அத்தை வாசல் கதவைத் திறந்து வைத்துத் தட்டினாள். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கேட்டுவிட்டுப் போனார். "மானம் போகுதும்மா" என்றாள் மகள். யாரும் வரவில்லை. மறுநாளும் இல்லை. வைத்த தண்ணீர் வைத்தபடி சில்லென்று இருந்தது.

பிறகு போன் வந்தது. பழைய வரிசையில், அத்தை வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாகக் குடியிருக்கிற பெண். எடுத்தது மகள்.

"ஒண்ணும் இல்லக்கா, உங்க வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் விட்டிருக்கீங்களா? மதியம் ஒருத்தர் உடம்பெல்லாம் வெள்ளையா, தப்பா எங்க வீட்டுக்குள்ள வந்து உட்கார்ந்துட்டார். கேட்டா பேசல. தலைய சாய்ச்சுக்கிட்டே இருக்கார். அவர் போனப்புறம் பார்த்தா, என் பையன் குடிக்க வெச்ச தண்ணி கொதிக்குதுக்கா."

மகள் போனை வைத்துவிட்டு, ராங் நம்பர் என்றாள் அம்மாவிடம். ஆனால் அன்று சாயங்காலம் முழுக்க அவள் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. இன்னொரு நாள் வேறு வீட்டிலிருந்து போன் வந்தது. அந்த ஊர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையிலும் அப்படி ஒருவர் வந்து உட்கார்ந்ததாக அதில் பேச்சு. அப்புறம் போன் வருவது நின்றுவிட்டது.

தினமும் தட்டித் தட்டி அத்தையின் மணிக்கட்டு வீங்கிவிட்டது. கரண்டி கையில் நிற்கவில்லை, டம்ளரில் சத்தமே எழும்பவில்லை. அவள் சத்தமில்லாமல் அழுவதை மகள் பார்த்தாள். அம்மா அழுது அவள் பார்த்ததே இல்லை.

"குடு இப்படி" என்று டம்ளரை வாங்கினாள். தட்டத் தெரியுமா என்று யோசிக்கவே இல்லை. குழந்தையாக ஃபிட்டர் வீட்டு ஜன்னலடியில் உட்கார்ந்து தினமும் கேட்ட தாளம் அது. இரண்டு நிதானம், ஒன்று அவசரம். திறந்த கதவின் முன்னால் நின்று, கீழ்வீட்டுக்காரரைப் பற்றிய கவலை எதுவும் இல்லாமல், மாடிப்படி முழுக்கக் கேட்கும்படி தட்டினாள்.

"போதும். தண்ணி ஊத்தி வெச்சுட்டு இந்தப் பக்கம் திரும்பிக்கோ" என்றாள் அத்தை.

மகள் அப்படியே செய்தாள். சமையலறைப் பக்கம் திரும்பி நின்றவளுக்கு எதுவும் கேட்கவில்லை. நாற்காலி தரையில் லேசாக உரசியது மட்டும் கேட்டது. திரும்பினாள். மாடிப்படியிலிருந்து மேஜை வரை வழவழத்த தரையில் வெள்ளை அடிகள். நாற்காலியில் முதுகு. வெள்ளைக் கழுத்து, தோளைத் தளர்த்தி, வெகு தூரம் நடந்து வந்த ஆளின் முதுகு. மேஜைமேல் பித்தளை டம்ளரில் தண்ணீர் சளசளவென்று கொதித்தது.

அவள் கிட்டப் போய் டம்ளரைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது. விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"ஓடலையாம்மா" என்றாள்.

"ஓடலடி."

மகள் சமையலறைக்குப் போனாள். எண்ணெய்ப் பாட்டில் திறக்கிற சத்தம் கேட்டது. சுத்தமான துணி ஒன்றை எண்ணெயில் நனைத்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

"வேண்டாம், பயமா இருக்கு" என்றாள் அத்தை. "இத்தனை நாளா எனக்கே தைரியம் வரல."

"உனக்கென்னம்மா, நீ பார்த்திருக்க. நான் எங்கப்பா மூஞ்சியப் பார்த்ததே இல்லையே."

அவள் துணியோடு நாற்காலியைச் சுற்றி முன்பக்கம் போனாள். அத்தை கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு எழுந்து, சுவரைப் பிடித்து நின்றாள்.

"நெத்தியில இருந்து ஆரம்பி" என்றாள். "மெதுவா. கண்ணுல பட்டுடாம."